முதலில் முள், அப்புறம்தான் பிளேயர்

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாட்டனார் காலத்து வீட்டைப் பிரிக்கப்போகிறார்கள். மாடி அறையில், பாட்டனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்த ரேடியோகிராம் (ரேடியோவும் தட்டுப் பிளேயரும் ஒரே மரப்பெட்டியில் இருப்பது) ஒன்றும் ஏறக்குறைய முந்நூறு இசைத்தட்டுகளும் கிடக்கின்றன. பழைய சாமான் எடுக்கிறவர் மொத்தத்தையும் எடைக்குக் கேட்கிறார். தம்பிக்கோ அவற்றைப் போட்டுக் கேட்க ஆசை. இணையத்தில் விற்கிற, சூட்கேஸ் மாதிரி மூடிவைக்கும் மலிவான பிளேயர் போதுமா, அந்த ரேடியோகிராமையே ஓட்ட முடியுமா, தட்டுகளை எப்படிக் கழுவுவது என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, அவசரத்துக்கு மூன்று பதில் சொல்லிவிடுகிறேன். எடைக்குப் போடாதீர்கள். சூட்கேஸ் பிளேயர் வாங்காதீர்கள். ரேடியோகிராமின் பிளக்கை இப்போதைக்குச் சொருகவே சொருகாதீர்கள். காரணங்களைப் பொறுமையாகப் படியுங்கள், நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

என் அப்பா நீடாமங்கலத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் மைக் செட்தான் போகும். தென்னை மரத்தில் குழாயைக் கட்டி, விடியற்காலை நாலரைக்கு நாதஸ்வரத் தட்டைப் போட்டால்தான் அது கல்யாண வீடு என்று ஊருக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதானபோது, 1975 வாக்கில், தட்டைத் துடைத்துக் கொடுக்கிற வேலையை அப்பா என்னிடம் ஒப்படைத்தார். விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுத் தூக்கவேண்டும், பள்ளத்தில் விரல் படக்கூடாது. இன்றுவரை என் கை அந்தப் பழக்கத்திலிருந்து மாறவில்லை.

ஆனால் தட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அப்பாவிடம் இல்லை. 1983-ல் மயிலாடுதுறையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வீட்டுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையரைத் திருப்பிக்கொடுக்கப் போயிருந்தேன். அவரிடம் காரார்ட் 401 என்ற டர்ன்டேபிள், அதாவது தட்டைச் சுழற்றும் கருவி, இருந்தது. எங்கள் கடையில் தேய்ந்துபோகும் அளவுக்கு ஓட்டிய அதே நாதஸ்வர எல்.பி.யை (நீண்ட நேரம் ஓடும் தட்டு) அவர் போட்டார். நான் அதை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன், எல்லாம் தென்னை மரத்துக் குழாய் வழியாக. அன்றைக்குத்தான் வித்வான் மூச்சு எடுக்கிற சத்தம் கேட்டது. பின்னால் சுருதிக்கு ஊதுகிற ஒத்து இடைவிடாமல் நிற்பது கேட்டது. தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழுவதும், தொப்பியில் கழி விழும்போது நெஞ்சில் இறங்குகிற அந்தக் கனமும் தனித்தனியாகக் கேட்டன. குழாய் ஸ்பீக்கருக்கு அடித்தொனியும் வராது, உச்சியின் நுனியும் வராது. நடுவில் உள்ளதை மட்டும் அரை மைல் தூரத்துக்கு வீசும், அதற்காகச் செய்யப்பட்டதுதான் அது. தட்டில் எல்லாமே எப்போதும் இருந்திருக்கிறது, எடுத்துக் கேட்க எங்களிடம் கருவி இல்லை. அன்று இரவு கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு ரயிலடியில் படுத்திருந்து விடிந்து ஊர் வந்தேன். நாற்பது ஆண்டுகளாக நான் தட்டு சேர்ப்பதற்கு அந்த ஒரு மாலைதான் காரணம்.

பள்ளத்தில் உள்ளதை எடுக்கிறது முள். பிளேயரின் பளபளப்பு, ஸ்பீக்கரின் உயரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் பெட்டியில் இரண்டு ஜாதித் தட்டு கலந்திருக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய அரக்குத் தட்டு, 33 1/3 சுற்று எல்.பி. (கூடவே 45 சுற்றுச் சின்னத் தட்டுகளும் இருக்கலாம்). எல்.பி. 1948-ல் அமெரிக்காவில் வந்தது. நம் நாட்டில் 78 தட்டு அதன் பிறகும் இருபது ஆண்டு வாழ்ந்தது, பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட இங்கே 78-ல் அச்சடித்தார்கள். இரண்டின் பள்ளமும் வேறு. எல்.பி. முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான், 78 தட்டுக்கு வேண்டியது சுமார் 76 மைக்ரான். எல்.பி. முள்ளை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் விழுந்து, அங்கே தங்கியிருக்கிற அழுக்கையும் தேய்மானத்தையும் வாசித்துக்கொண்டிருக்கும். ‘பழைய தட்டு என்றால் இரைச்சல்தான்’ என்று பலர் நம்புவது இதனால்தான். சரியான முள்ளை வைத்தால், பாதி இரைச்சல் அந்த நிமிடமே போய்விடும். மாற்றிச் செய்தால் ஆபத்து: 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் மேல் விளிம்பை உழுதுவிடும், அந்தத் தட்டு அதோடு சரி.

சூட்கேஸ் பிளேயரை நான் வேண்டாம் என்பதும் முள்ளை வைத்துத்தான். முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்குகிற சிறு பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். அவற்றில் பெரும்பாலும் மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். கார்ட்ரிட்ஜைத் தாங்குகிற கையின் பின்புறம் எடையைச் சரிசெய்கிற குண்டு இருக்காது. முள் ஐந்தாறு கிராம் பாரத்தோடு உட்காரும். நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் ஒன்று இரண்டு கிராமில் ஓடுகிறது. அதோடு ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் அதிர்வதால், அந்த அதிர்வு முள்ளுக்கே திரும்பி வரும். எங்கள் கடைத் தட்டுகள் பாழானதும் இதே கனத்தால்தான். இன்றும் யாராவது பழைய சவுண்ட் சர்வீஸ் கிடங்குத் தட்டுகளை விற்க வந்தால், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். பள்ளம் கறுப்பாக மின்னாமல் சாம்பல் பூத்திருந்தால், உள்ளே இசை தேய்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். வீட்டில் ஒருவரே ஆசையாக வைத்துக் கேட்ட தட்டுகள் அப்படி இருக்காது. உங்கள் பாட்டனாருடையவை அந்த வகையாக இருக்கும் என்று நம்புகிறேன். அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

என்ன வாங்கலாம்? மூன்று வேகமும் உள்ள, காந்தக் கார்ட்ரிட்ஜ் போட்ட, முள்ளைத் தனியாக மாற்றக்கூடிய டர்ன்டேபிள். ஆடியோ டெக்னிக்காவின் எல்.பி.120 வரிசை இதற்குப் பொருந்தும். அதில் வருகிற கார்ட்ரிட்ஜிலேயே, எல்.பி. முள்ளைக் கழற்றிவிட்டு வி.எம்.என். 95 எஸ்.பி. என்ற 78 முள்ளை மாட்டலாம். மாட்டும்போது பாரத்தை ஐந்து கிராமுக்கு ஏற்றவேண்டும், எல்.பி.க்குத் திரும்பும்போது இரண்டுக்கு இறக்கவேண்டும். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என் கண்ணுக்கு இதைவிடப் பெரிய பொறி, என்னிடம் இருப்பதும் அதுதான். ஆனால் அதன் பழைய மாடல்களில் 78 கிடையாது, உங்கள் பெட்டிக்கு அது சரிப்படாது. கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் முள்ளுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் டர்ன்டேபிளுக்கும் போகட்டும். ஆம்ப்ளிஃபையருக்கு, பழைய சோனோடைன், காஸ்மிக் ஏதாவது நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். கொல்கத்தாவில் செய்த சோனோடைன் ஒன்று என்னிடம் முப்பது வருஷமாக உழைக்கிறது.

இங்கே ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். டர்ன்டேபிளை வீட்டில் இருக்கிற ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் துளையில் மாட்டிவிட்டு, ‘சத்தமே வரவில்லை, கொசு மாதிரிக் கேட்கிறது’ என்பார்கள். காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்குதான். மைக் துளையில் மாட்டினால் சத்தம் வந்துவிடும், ஆனால் அடித்தொனி இல்லாமல் கீச்சென்று இருக்கும். தட்டு வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து, மேல்தொனியை ஏற்றி வெட்டுகிறார்கள். அடித்தொனியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி, பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். மேல்தொனியை ஏற்றி வெட்டி, கேட்கும்போது இறக்கினால் தட்டின் இரைச்சலும் கூடவே இறங்கும். 1954 முதல் எல்லாக் கம்பெனிகளும் படிப்படியாக ஏற்றுக்கொண்ட இந்த அளவுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்று பெயர். இரு கோடியிலும் வித்தியாசம் சுமார் 20 டெசிபல். அதை நேராக்குகிற போனோ ஸ்டேஜ் நடுவில் இருந்தாகவேண்டும். நான் சொன்ன மாடலில் அது உள்ளேயே இருக்கிறது. 1954-க்கு முந்தைய 78 தட்டுகளைக் கம்பெனிக்கு ஒரு அளவாக வெட்டினார்கள். அவற்றுக்கு ட்ரெபிள் குமிழைக் காதால் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். வித்வானின் குரல் எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல வருகிற இடத்தில் நிறுத்துங்கள்.

வேகத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களிடம் சொல்வது சுலபம், சுருதி என்றால் புரிந்துவிடும். வேகம் ஆறு சதவீதம் தவறினால் சுருதி அரைக் கட்டை நகர்ந்துவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிள் என்று சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். அது 60 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்குச் செய்த மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸில், டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டேஜைக் குறைத்தாலும், நிமிடத்துக்கு 28 சுற்றுக்கும் குறைவாகத்தான் ஓடும். ஐந்து கட்டையில் பாடிய அம்மாள் மூன்று கட்டையில் பாடுவார். மலாயாவில் நம்மைப்போலவே 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் உங்கள் பாட்டனாரின் ரேடியோகிராமில் அந்தத் தொல்லை இல்லை. வேகத்தைப் பார்க்க, கோடு போட்ட வட்ட அட்டை ஒன்று போதும். 50 ஹெர்ட்ஸ் வெளிச்சத்தில் 33 1/3-க்கு 180 கோடு, 78-க்கு 77 கோடு. கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி. எல்.இ.டி. விளக்கில் தெரியாமல் போகலாம், நியான் விளக்கின் அடியில் பாருங்கள்.

ஆனால் மிகப் பழைய தட்டுகளுக்கு 78 என்பது பெயரளவில்தான். 74-லும் 82-லும் பதிவானவை உண்டு. அங்கே அட்டை உதவாது, சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் காதால்தான் பிடிக்கவேண்டும். நாதஸ்வரத்தில் இது இன்னும் நுணுக்கம். பழைய திமிரி நாயனம் உயர்ந்த சுருதி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த பாரி நாயனம் நீளம் கூடியது, சுருதி இறங்கியது. எது வாசிக்கப்பட்டது என்று தெரியாமல் வேகத்தை மாற்றினால், திமிரியைப் பாரியாக்கிவிடுவோம். நான் சீவாளியின், அதாவது நாதஸ்வரத்தில் வாய்வைத்து ஊதுகிற நுனியின், சத்தத்தை வைத்துப் பார்ப்பேன். வேகம் கூடினால் சீவாளி தகரம்போலக் கிறீச்சிடும், குறைந்தால் பிசுபிசுவென்று இருக்கும். கொறுக்கைத் தட்டையில் செய்த அந்தச் சீவாளியைத் திருவாவடுதுறையில் செய்கிறவர்களிடமே போய் ஊதிக்கேட்டு வந்தபிறகுதான் எனக்கு இது பிடிபட்டது.

இனி ரேடியோகிராம். அதைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொன்னேனே தவிர, அதில் தட்டுப் போடுங்கள் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜ் பலவற்றில் ரோஷெல் உப்புப் படிகம் இருந்தது. ஈரக்காற்று பட்டால் அது கரைந்து செத்துப்போகும். கடலோரமும் ஆற்றோரமுமான நம் பகுதியில் உயிரோடு ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. மோட்டாரிலிருந்து சுழற்சியை மேடைக்குக் கடத்துகிற ரப்பர் ஐட்லர் சக்கரம் கல்லாகியிருக்கும், கிரீஸ் மெழுகாகியிருக்கும். இவற்றைச் சரிசெய்யலாம். ஆபத்து ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது. வால்வு செட்டுக்குள் 250, 300 வோல்ட் டி.சி. ஓடும், அணைத்த பிறகும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கண்டென்சரில் தங்கி நிற்கும். ஐம்பது வருஷம் உறங்கிய கண்டென்சருக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால் வெடிக்கும், டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ, வால்வு ரேடியோ பழுதுபார்த்த வயதானவர் இன்னும் யாராவது இருப்பார், விசாரித்துப் பிடியுங்கள். அவர் முதலில், கரண்ட்டை மட்டுப்படுத்த ஒரு பல்பை நடுவில் இணைத்து (சீரிஸ் பல்பு), அதன் வழியாகத்தான் கரண்ட் கொடுப்பார். அப்படிச் செய்யாமல் பிளக்கைச் சொருகுகிறவரிடம் செட்டை விடாதீர்கள். இ.எல். 84, இ.சி.சி. 83 வால்வுகள் இன்றும் கிடைக்கின்றன. ஒருநாள் அந்தச் செட் பாடும்போது வருகிற தேக்கு மரப்பெட்டியின் இளஞ்சூட்டு வாசனைக்காகவே அதைக் காப்பாற்றலாம்.

கழுவுவதைப் பற்றி. முதலில் இரண்டு ஜாதியையும் பிரியுங்கள். கனமாக, தட்டினால் ஓடுபோலச் சத்தம் வருவது அரக்கு. வளைந்துகொடுப்பது வினைல், எல்.பி. செய்கிற பிளாஸ்டிக். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பதினாலு வயதில், பூஞ்சை போகட்டும் என்று ஒரு நல்ல 78 தட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது, அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். கரைந்துகொண்டிருந்தது தட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது மர வார்னிஷ் அடிக்கிற எந்த ஆசாரிக்கும் தெரிந்த சங்கதி, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தட்டு திருவீழிமிழலை சகோதரர்களுடையது. இன்றுவரை இன்னொரு பிரதி எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் பொதுவான முறை: டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு சொட்டு. மெல்லிய தூரிகையால், பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்தவேண்டும். லேபிள் நனையக்கூடாது, கிண்ண மூடி ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். உங்கள் பக்கத்து உப்பு, காய்ந்தவுடன் பள்ளத்துக்குள் வெள்ளைப் பொடியாக நிற்கும், முள் அதை வாசிக்கும். வினைலில் எண்ணெய்ப் பசை இருந்தால் மட்டும், தண்ணீரில் பத்துக்கு ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலக்கலாம். கழுவாத தட்டில் புது முள்ளை வைக்கவே வைக்காதீர்கள். மண்துகளும் வைரமும் சேர்ந்தால் பள்ளத்தைச் சீவிவிடும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழைதான் நம் ஊரில் தட்டுகளுக்கு எமன். இரும்பு பீரோவில் பூட்டிவைத்தால் பத்திரம் என்று நினைப்பார்கள். காற்றில்லாத ஈரத்தில் ஒரே பருவத்தில் உறையெல்லாம் பூஞ்சை பூத்துவிடும். உறையின் பசையை ராமபாணப் பூச்சி தின்னும், தரையோடு வைத்தால் கறையான் ஏறும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், திறந்த மர அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். நூறு எல்.பி. இருபத்தைந்து கிலோ வரும், பலகை கனமாக இருக்கட்டும். அந்துருண்டை நான் போடுவதில்லை, அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. வேப்பிலையும் வேண்டாம், சருகுத் தூள் பள்ளத்துக்குள் போய்விடும். தடித்த பி.வி.சி. உறை தட்டின் மேல் பனிபோலப் படர்ந்து பிறகு போகவே போகாது, பாலிதீன் உறையே நல்லது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையேறியபோது, மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் என் வீட்டு ஓடு பாதி பறந்தது. தட்டு அறைக்குள் தண்ணீர் கொட்டியது. நானூறு தட்டு நனைந்தது. வெளிச்சம் வந்ததும் நானும் மனைவியும் முதலில் செய்தது, உறையிலிருந்து தட்டுகளை வெளியே எடுத்ததுதான். ஈரக் காகிதம் காய்ந்து ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. கிணற்றுத் தண்ணீரில் அலசி, அண்டாவில் பிடித்த மழைநீரில் கடைசியாக ஒரு முழுக்குப் போட்டு, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டுகளை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி அவற்றில் நிறுத்தினோம். முப்பத்தொரு தட்டு தவிர எல்லாம் பிழைத்தது. உறைகள் பிழைக்கவில்லை.

கரண்ட் வர மூன்று வாரம் ஆயிற்று. பெரிய செட் எல்லாம் ஊமையாக நின்றது. என்னிடம் எச்.எம்.வி. 102 கிராமபோன் ஒன்று உண்டு, சாவி கொடுத்து ஓட்டுவது. இரவில் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் புது இரும்பு முள் போட்டு, தியாகராஜ பாகவதர் தட்டுகளைச் சுற்றவிட்டேன். தோப்பு முழுக்க விழுந்துகிடந்த தென்னை மரங்களை நாளெல்லாம் அறுத்துவிட்டு வந்தவர்கள், தெருவில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு பெரியவர் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ‘இன்னொண்ணு வை’ என்பார், வேறு எதுவும் பேசமாட்டார். எல்லோரிடமும் இருக்கிற, தேய்ந்தாலும் பரவாயில்லை என்கிற தட்டுகளைத்தான் அதில் போடுவேன். நூறு கிராமுக்கு மேல் கனமுள்ள தலை, அரிய தட்டுக்கு அது ஆகாது.

இப்போது உங்கள் பெட்டியில் என்ன இருக்கும் என்று ஊகிக்கிறேன், ஆசையோடுதான் ஊகிக்கிறேன். மலாயாவுக்குப் போகிற ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்துபோன காலத்துச் சபராளி (கடல்கடந்து பிழைக்கப் போனவர்) வீடுகளில் நான் பார்த்த பெட்டிகள் பல. மேலே நாகூர் ஹனீபா இருப்பார், நடுவில் பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும், அடியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாங்கிய மலாய்த் தட்டுகள், அங்கே புகழ்பெற்ற பாடகர் பி. ராம்லி பாடியவை. மலாய்த் தட்டுகளைப் புரியாத பாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள், மலேசியாவில் அவற்றைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாகூர் ஹனீபாவின் பழைய 78 தட்டு இருந்தால் தனியாக எடுத்துவையுங்கள். நாதஸ்வரம் எதுவாக இருந்தாலும் எனக்குத் தங்கம். கேசட் காலத்திலும் சி.டி. காலத்திலும் பாட்டுக் கச்சேரிகளை மறுபடி வெளியிட்டார்கள், நாதஸ்வரத் தட்டுகளில் பலவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சேர்ப்பது என்றால் எதையெல்லாம் என்று புதியவர்கள் கேட்பார்கள். நான் நம் காவிரிக் கரையோடு நிறுத்திக்கொண்டேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, திருவிடைமருதூரில் பிறந்த புல்லாங்குழல் மாலி, மாயவரத்துப் பாகவதர், சீர்காழி கோவிந்தராஜன், சூலமங்கலம் சகோதரிகள், நாகூர் ஹனீபா. தஞ்சாவூரிலிருந்து நாகூர் வரை ரயிலில் போனால், ஜன்னலுக்கு வெளியே நாதஸ்வரத்துக்கும் கச்சேரிக்கும் பேர்போன ஊர்களாகவே வந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு, இளையராஜா 1986-ல் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகச் செய்த ‘ஹௌ டு நேம் இட்’ எல்.பி. திருவையாற்று ஆராதனை முடிந்து வந்த இரவெல்லாம் அதைப் போடுவேன்.

விற்பது என்று முடிவானால், கணக்குப் போட்டு விற்கவும். லேபிளில் கம்பெனி, எண், இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். எச்.எம்.வி. கர்நாடக இசை எல்.பி.யில் ஈ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. எண்பதுகளின் எக்கோ கம்பெனி இளையராஜா தட்டுகளுக்கு இன்று கிராக்கி அதிகம். மும்பையில் இந்திய இசைத்தட்டு சேகரிப்பவர்களுக்கென்றே ஒரு சங்கம் 1990 முதல் இருந்து, பழைய தட்டுகளைப் பற்றி நிறையப் பதிவுசெய்திருக்கிறது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் ஒரு ஆயுளையே இதில் போட்டவர். தட்டுக்கு மதிப்பு உண்டு என்று காட்ட அவர்கள் பட்ட பாடு, எடைக்கல்லில் முடியக்கூடாது. விற்பதற்கு முன் ஒரு முறையாவது கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏற்றி வையுங்கள், இரைச்சல் நீக்காத மூலப் பிரதியாக. இரைச்சலை நீக்கப் போகிறவர்கள் ஒத்தையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. புது வீடு கட்டுகிறீர்கள் என்றால் டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை எல்லாம் சேர்ந்து சத்தத்தை அறைந்துகொண்டே இருக்கும். விலை கொடுத்து எதுவும் வாங்கவேண்டாம். தரையில் கோரைப்பாய், மூலையில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்துவது, எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி, இவை போதும். டர்ன்டேபிளுக்கு, சுவரில் பதித்த கடப்பாக்கல் பலகையைவிட நல்ல மேடை கிடையாது.

வீட்டைப் பிரிக்கும் தேதியை நீங்கள் எழுதவில்லை. ஐப்பசிக்கு முன்பாகவே தட்டுகளை மாடியிலிருந்து இறக்கிவிடுங்கள். அரக்குத் தட்டு கைதவறினால் ஓடுபோல உடையும், பத்துப் பத்தாக, நிமிர்த்தி, நடுவில் அட்டை வைத்து இறக்குங்கள். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள், எல்.பி. வளைந்துவிடும். இறக்கியதும் 78 தட்டுகளின் லேபிளைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும், ராக ஆலாபனை அதற்குள் அடங்காது. அதனால் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று அடுத்தடுத்த பக்கங்களில், சில சமயம் அடுத்த தட்டிலும் தொடரும். அப்படிப் பாகம் போட்ட நாதஸ்வரத் தட்டுகள் இருந்தால் ஜோடியைப் பிரிக்காமல் ஒரே உறையில் வைத்து, லேபிளில் உள்ள எண்களை எனக்கு எழுதுங்கள்.